கிளவுஸ் போட்டால் கை சுத்தமா?

பெங்களூரின் வைட்ஃபீல்டில் இன்று தடுக்கி விழுந்தால் ஏதாவது ஒரு ஆஸ்பத்திரி வாசலில்தான் விழவேண்டும். 1882இல் ஆங்கிலோ-இந்தியர்களுக்காக உருவான சின்னக் குடியிருப்பு இது. 2001 ஜனவரியில் இங்கே சத்ய சாயி உயர் சிறப்பு மருத்துவமனை திறக்கப்பட்டது. பக்கத்திலேயே வைதேகி மருத்துவக் கல்லூரி. ஐ.டி. பார்க்குக்கு வந்த கூட்டத்தை நம்பி கார்ப்பரேட் மருத்துவமனைகளும், சந்துக்குச் சந்து பல் கிளினிக்குகளும் வந்துவிட்டன. இவற்றில் வேலை பார்க்கும் சிஸ்டர்கள், டெக்னீஷியன்கள், ஹவுஸ்கீப்பிங் ஆட்களில் ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கத்துத் தமிழர்களும் உண்டு.

பெரிய மருத்துவமனைகளில் தொற்றுத் தடுப்பு வகுப்பு தவறாமல் நடக்கிறது. ரிஜிஸ்டரில் கையெழுத்தும் விழுகிறது. ஆனால் வார்டில் சீனியர் ஜூனியருக்குச் சொல்லிக்கொடுக்கும் சில நம்பிக்கைகள் அந்த வகுப்பை விட வலுவானவை.

“கிளவுஸ் போட்டிருக்கிறேனே, கையை எதற்குக் கழுவணும்?”

இதுதான் எல்லாவற்றுக்கும் மூத்தது. ஒரு வார்டில் பத்து நிமிடம் நின்று பாருங்கள். சிறுநீர்ப் பையைக் காலி செய்த கிளவுஸ் கை, அப்படியே டிரிப்ஸ் வேகத்தைத் திருகும். பிறகு கட்டில் கம்பியைப் பிடிக்கும், மானிட்டர் பொத்தானை அழுத்தும், இன்டர்காமை எடுத்து “ஹலோ” சொல்லும். அடுத்த கட்டிலுக்கும் அதே கிளவுஸ்தான். அந்த ஊழியரின் தோல் பத்திரமாக இருக்கிறது. நோயாளிகளுக்கு என்ன பாதுகாப்பு?

கிளவுஸில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள் இருக்கலாம். கழற்றும்போது வெளிப்பக்கத்து அழுக்கு விரலிலும் மணிக்கட்டிலும் ஒட்டும். அதனால் போடுவதற்கு முன்பும் கழற்றிய பின்பும் கை சுத்தம் செய்தே ஆகவேண்டும். கிளவுஸ் மேலேயே சானிடைசர் தேய்த்துக்கொண்டு அடுத்தவரிடம் போவது மாற்று வழி ஆகாது. உலக சுகாதார நிறுவனம் 2025ஆம் ஆண்டு கை சுகாதார நாளுக்கு இதையே கருப்பொருளாக எடுத்துக்கொண்டது: கிளவுஸ் சில சமயம் வேண்டியிருக்கும், கை சுத்தம் எப்போதும் வேண்டும்.

எப்போதெல்லாம்? நோயாளியைத் தொடும் முன், ஊசி, கேத்தீட்டர் போன்ற சுத்தமான வேலைக்கு முன், ரத்தம், சிறுநீர் படக்கூடிய வேலைக்குப் பின், நோயாளியைத் தொட்ட பின், அவரைச் சுற்றியுள்ள பொருள்களைத் தொட்ட பின். கடைசியாகச் சொன்னதுதான் அதிகம் விட்டுப்போகிறது. “ஆளையே தொடலையே சிஸ்டர், பெட்ஷீட்டைத்தானே சரி செய்தேன்” என்பார்கள். பெட்ஷீட்டிலும் கட்டில் கம்பியிலும் கிருமி நாள்கணக்கில் உயிரோடு இருக்கும்.

“சானிடைசர் எல்லாவற்றையும் கொல்லும்”

பெரும்பாலானவற்றைக் கொல்லும். உள்ளங்கை நிறைய எடுத்து, கட்டைவிரலும் விரல் நுனிகளும் விடுபடாமல் 20 முதல் 30 விநாடி தேய்த்தால்தான். ஆன்டிபயாடிக் எடுத்தவர்களுக்குக் கடும் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் என்ற கிருமியின் வித்துகளிடம் ஆல்கஹால் தோற்றுவிடும். அங்கே சோப்பும் தண்ணீரும்தான். கையில் அழுக்கு கண்ணுக்குத் தெரிந்தாலும் அப்படியே.

“ஃபினாயில் வாசனை வந்தால் சுத்தம், ஓ.டி.யில் ஃபார்மலின் புகை போட்டால் இன்னும் சுத்தம்”

வாசனைக்கும் கிருமிக்கும் சம்பந்தமில்லை. அழுக்கைத் துடைத்து எடுக்காமல் மேலே மருந்து ஊற்றினால் மருந்துதான் வீண். புகை விஷயம் இன்னும் மோசம். ஃபார்மால்டிஹைடு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தி இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. நோயாளிகள் இருக்கும் இடங்களில் வாடிக்கையாகக் கிருமிநாசினிப் புகை போடவேண்டாம் என்று அமெரிக்காவின் நோய்க்கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி.யும் சொல்லிவிட்டது. அறையைப் பூட்டிப் புகை போடுவதில் ஒரு திருப்தி இருக்கிறது, அவ்வளவுதான்.

“நோய் உறுதியாகட்டும், அப்புறம் ஜாக்கிரதையாக இருக்கலாம்”

2001இல் சிலிகுரியில் ஒரு மர்மக் காய்ச்சல் பரவியது. பாதிக்கப்பட்ட 66 பேரில் பெரும்பாலோர் மருத்துவமனை ஊழியர்கள், அல்லது நோயாளியைப் பார்க்க வந்தவர்கள். அது நிபா வைரஸ் என்று பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. 2018இல் கோழிக்கோட்டிலும் முதல் நோயாளியின் நோய்க்குப் பெயர் தெரியும் முன்பே அவரிடமிருந்து மருத்துவமனையில் பலருக்குத் தொற்றிவிட்டது. பேராம்பிரா தாலுகா மருத்துவமனைச் செவிலியர் லினி அந்த மே மாதம் இறந்துபோனார். ரிப்போர்ட் வரும் வரை கிருமி காத்திருக்காது. எல்லா நோயாளியிடமும், எல்லா நாளும் ஒரே கவனம் என்ற விதி அதனால்தான் வந்தது.

“இருக்கவே இருக்கு ஆன்டிபயாடிக்”

ஆன்டிபயாடிக்கைச் செயலிழக்க வைக்கும் என்.டி.எம்.-1 என்ற எதிர்ப்பு நொதி பற்றி 2010இல் ‘லான்செட் இன்ஃபெக்‌ஷியஸ் டிசீசஸ்’ இதழில் வந்த ஆய்வில் முதல் பெயர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமி. சென்னையில் மட்டும் 44 மாதிரிகளில் அது கிடைத்தது. அந்த நொதிக்கு டெல்லியின் பெயரை வைத்தார்கள் என்று நாம் கோபித்துக்கொண்ட அளவுக்கு, மருந்து கேட்காத கிருமி வார்டுக்குள் எந்தக் கையில் ஏறிப் போகிறது என்று யோசிக்கவில்லை. ஆபரேஷன் முடிந்தபின் “சேஃப்டிக்கு” ஐந்து நாள் ஆன்டிபயாடிக் எழுதுவதும் அந்தக் கிருமிக்கே உதவி. அறுவைக்கு முன் சரியான நேரத்தில் கொடுக்கும் மருந்தே தடுப்பு; அறுவை முடிந்தபின் தடுப்புக்காக நீட்டவேண்டாம் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை.

“ஊசி குத்துவது நர்ஸுக்குத்தான்”

ஊசியைத் தொட்டே இராத ஹவுஸ்கீப்பிங் அக்காவுக்கும் குத்தும். ஊசிகளுக்கான வெள்ளை டப்பாவுக்குப் பதில் யாரோ குப்பைப் பையில் போட்ட ஊசி அது. தடுப்பூசி போடாதவருக்கு, தொற்றுள்ள ரத்தம் பட்ட ஊசி குத்தினால் ஹெபடைட்டிஸ் பி வரும் வாய்ப்பு 6 முதல் 30 சதவீதம், எச்.ஐ.வி.க்கு 0.3 சதவீதம். குத்தினால் பிதுக்கக்கூடாது, வாயில் வைக்கக்கூடாது. சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு உடனே தெரிவிக்கவேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது. 72 மணி நேரத்தைத் தாண்டினால் பலனில்லை. திட்டுவார்களே என்று மறைப்பவர்கள் இழப்பது அந்த நேரத்தைத்தான்.

ஹவுஸ்கீப்பிங் ஆட்களைப் பற்றிக் கேட்டால் வரும் “அவங்க ஏஜென்சி ஆட்கள்” என்ற பதில் சட்டத்தில் செல்லாது. 2016ஆம் ஆண்டு உயிர்மருத்துவக் கழிவு விதிகளின்படி கழிவைக் கையாளும் எல்லாருக்கும் ஹெபடைட்டிஸ் பி, டெட்டனஸ் தடுப்பூசி போடவேண்டும். வேலையில் சேரும்போதும், பிறகு வருடத்துக்கு ஒரு முறையாவதும் பயிற்சி தரவேண்டும்.

அந்தப் பயிற்சியை ஆங்கிலப் படவில்லைகளை ஓட்டி முடித்துவிட்டால் தமிழும் தெலுங்கும் வங்காளமும் பேசும் ஆட்களுக்கு டீயும் பிஸ்கட்டும்தான் மிச்சம். ஜெனீவா பல்கலைக்கழக மருத்துவமனையில் டிடியே பிட்டே குழுவினர் 1995இலிருந்து கட்டில் பக்கத்திலேயே ஆல்கஹால் பாட்டில் வைத்தார்கள், போஸ்டர் ஒட்டினார்கள், கவனித்து முடிவைத் திருப்பிச் சொன்னார்கள். மூன்று வருடத்தில் கை சுத்தம் 48 சதவீதத்திலிருந்து 66 ஆனது. மருத்துவமனைத் தொற்று 16.9இலிருந்து 9.9 சதவீதத்துக்கு இறங்கியது. செவிலியர்களும் உதவியாளர்களும் மாறினார்கள். டாக்டர்கள் மட்டும் பெரிதாக மாறவில்லை.

ஆகவே வைட்ஃபீல்டு மருத்துவமனை நிர்வாகிகளே, அடுத்த வகுப்பை வார்டிலேயே, ஊழியர்களின் மொழியில் வையுங்கள். நைட் டியூட்டி ஆயாவையும் கூப்பிடுங்கள். முதல் வரிசையில் கன்சல்டன்ட் டாக்டர்களை உட்கார வையுங்கள்.