தணலும் தண்ணீரும்

நுழையும்முன்

பழம்பொருளைப் பேணுதல் என்பது அதனைக் கண்ணாடிப் பேழைக்குள் வைத்துப் பூட்டுவது மட்டுமன்று. அது செய்துவந்த பணியைத் தொடர்ந்து செய்ய வைப்பதும் பேணலே ஆகும். நூறாண்டு கண்ட மகிழுந்து ஒன்று இன்றைய சாலையில் ஓட வேண்டுமெனில், அதன் இயந்திரத்தில் எழும் வெப்பம் தணிய வேண்டும். அதற்காக எதனை மாற்றலாம், எதனை மாற்றலாகாது? அறிவியலும் மரபுணர்வும் இணைந்து அளிக்கும் விடையை இப்பாடம் விளக்குகிறது.

எளியோரின் ஊர்தி

அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் 1908ஆம் ஆண்டு ஃபோர்டு நிறுவனம் 'மாடல் டி' என்னும் மகிழுந்தை அறிமுகப்படுத்தியது. 1927ஆம் ஆண்டு வரை ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட வண்டிகள் உருவாயின. செல்வர்க்கே உரியதாயிருந்த மகிழுந்தை உழவரும் தொழிலாளரும் வாங்கத்தக்கதாக்கிய பெருமை இவ்வண்டிக்கு உண்டு. பல வண்டிகள் இன்றும் ஓடும் நிலையில் பேணப்படுகின்றன. எனினும், கோடைப் பகலில் மேட்டில் ஏறும்போது இவற்றுள் சில கொதித்து ஆவியைக் கக்குவதுண்டு.

தானே ஓடும் நீர்

பெட்ரோல் இயந்திரத்தில் எரியும் எரிபொருளின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, குளிர்விக்கும் நீரின் வழியே வெப்பமாக வெளியேறுகிறது. அவ்வாறு வெளியேறாவிடில் எண்ணெய்ப் படலம் நலியும். உறுப்புகள் உரசித் தேயும்.

தொடக்கத்தில் உருவான ஏறத்தாழ 2,500 மாடல் டி வண்டிகளில் நீரைச் சுழற்றும் பம்பு இருந்தது. பின்னர் அது நீக்கப்பட்டது. வெப்பச்சலனம் அப்பணியை ஏற்றுக்கொண்டது. சூடேறிய நீர் அடர்த்தி குறைந்து மேலெழுகிறது. மேற்குழாய் வழியாக ரேடியேட்டர் எனப்படும் வெப்பநீக்கியை அடைகிறது. அங்கே காற்றுப்பட்டுக் குளிர்ந்து கீழிறங்கி, மீண்டும் இயந்திரத்திற்குள் புகுகிறது. வெப்பம் மிகுந்தால் ஓட்டமும் மிகும். குறைந்தால் ஓட்டமும் குறையும். இந்நீர்ச்சுழற்சிக்குத் தேய்வதற்கோ பழுதாவதற்கோ இயங்கும் உறுப்பு எதுவும் இல்லை. ஆனால், நீர்மட்டம் மேற்குழாயின் வாய்க்குக் கீழே தாழ்ந்தால் சுழற்சி நின்றுவிடும்.

தெரிந்து தெளிவோம்

அக்காலத்தில் வெப்பநீக்கியின் மூடிமேல் 'மோட்டோமீட்டர்' என்னும் வெப்பமானியைப் பொருத்தும் வழக்கம் இருந்தது. நீருக்கு மேலுள்ள ஆவியின் வெப்பநிலையை அது காட்டியது. ஓட்டுநர் தம் இருக்கையில் இருந்தவாறே அதனைக் காண முடிந்தது.

நோய் எங்கே?

வண்டி கொதித்தவுடன் பம்பு ஒன்றைப் பொருத்திவிடலாம் என எண்ணுவது இயல்பு. அவ்வாறு பொருத்தத்தக்க பம்புகள் அக்காலத்திலேயே விற்கப்பட்டன. ஆயினும், குறை பெரும்பாலும் வேறிடத்தில் இருக்கும். நெடுங்காலப் பயன்பாட்டில் குழாய்களின் உட்புறம் உப்பும் துருவும் படிந்து வழியைக் குறுக்குகின்றன. குழாயையும் மென்தகடுகளையும் பிணைத்திருக்கும் பற்றாசு விட்டுப்போகிறது. அந்நிலையில் வெப்பநீக்கி பார்வைக்கு முழுமையாகத் தோன்றினும், வெப்பம் குழாயிலிருந்து தகட்டுக்குச் செல்வதில்லை. அத்தகைய வெப்பநீக்கிக்குப் பம்பு எவ்வளவு நீரை அனுப்பினும் நீர் போதிய அளவு குளிராது.

சிலபொழுது வெப்பநீக்கியில் குறையே இராது. மாடல் டி வண்டியில் தீப்பொறி எழும் நேரத்தை ஓட்டுநரே நெம்புகோலால் சரிசெய்ய வேண்டும். பொறி காலந்தாழ்ந்து எழுந்தால் இயந்திரம் மிகுதியாகச் சூடேறும்.

எனவே, தேர்ந்த வினைஞர் முதலில் பொறியின் நேரத்தையும் விசிறிப் பட்டையின் இறுக்கத்தையும் ஆராய்வர், நீர்வழிகளைக் கழுவுவர். அதன்பின்னும் வெப்பம் தணியாவிடில், பழைய வடிவிலேயே அமைந்த புதிய வெப்பநீக்கியைப் பொருத்துவர்.

மாற்றத்தின் எல்லை

எல்லாப் புதுமையும் பழைமைக்குப் பொருந்துவதில்லை. இன்றைய மகிழுந்தில் அழுத்த மூடி நீரின் கொதிநிலையை உயர்த்துகிறது. அழுத்தமின்றி இயங்குமாறு அமைந்த பழைய வெப்பநீக்கியில் அதனைப் பொருத்தினால் பற்றாசு இணைப்புகள் பிளவுபடக்கூடும். ஒன்றுக்கு மருந்தாவது மற்றொன்றுக்கு ஊறாகிவிடுகிறது.

மாற்றம் இன்றியமையாததாகும் இடத்தில், அது மூல அமைப்பை இயன்றவரை சிதைக்காததாகவும், பின்னாளில் நீக்கத்தக்கதாகவும் இருத்தல் வேண்டும். கழற்றிய உறுப்புகளையும் வண்டியோடு பாதுகாத்தல் வேண்டும். துளையிட்டும் அறுத்தும் பொருத்துவது எளிது. ஆனால், வெட்டிய இரும்பு மீண்டும் முன்னிலை அடையாது.

பம்பின்றி நீரை ஓடச்செய்த எளிமையும் அவ்வூர்தியின் வரலாறே. அதனை அறியாமல் அகற்றினால், வண்டி ஓடும். அது சொல்லவந்த செய்தி மறையும். பழையதன் இயல்பை உணர்ந்தபின் செய்யும் திருத்தமே அதனை அடுத்த தலைமுறைக்குக் கொண்டுசேர்க்கும்.

கற்பவை கற்றபின்

1. பம்பின்றி நீர் சுழலும் முறையைப் படம் வரைந்து விளக்குக.
2. 'பழையன பேணலும் புதியன ஏற்றலும்' என்னும் தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடுக.
3. உங்கள் இல்லத்தில் உள்ள பழைய கருவி ஒன்றைப் பழுதுநீக்கிய முறையைக் கேட்டறிந்து ஒரு பக்க அளவில் எழுதுக.