சிவப்பு விளக்கும் சிறுவர் இல்லமும்

2024-ஆம் ஆண்டு மே மாதம் 19-ஆம் தேதி அதிகாலையில் நமது புனே கல்யாணி நகரில் நடந்த கார் விபத்தை வாசக அன்பர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பதினேழு வயதுப் பையன் ஓட்டியதாகச் சொல்லப்படும் கார் மோதி இரண்டு இளம் பொறியாளர்கள் உயிரிழந்தனர். சாலை விபத்துகள் பற்றி 300 வார்த்தைகளில் கட்டுரை எழுத வேண்டும் என்பதையும் ஒரு நிபந்தனையாக வைத்துச் சிறார் நீதி வாரியம் ஜாமீன் கொடுத்தது. ஊரே கொதித்தது. சில நாட்களில் அவன் எரவாடாவில் உள்ள கூர்நோக்கு இல்லத்துக்கு அனுப்பப்பட்டான். ஜூன் 25-ஆம் தேதி மும்பை உயர்நீதிமன்ற உத்தரவுப்படி வெளியே வந்தான். அந்த நாட்களில் நம் குடியிருப்புகளில் எல்லாம் ஒரே பேச்சுதான்: "உள்ளே போட்டு நாலு தட்டுத் தட்டினால்தான் புத்தி வரும்."

அந்த 'உள்ளே' என்ன நடக்க வேண்டும், அங்கே சாவிக் கொத்துடன் நிற்பவருக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் பொருள். நான் மனநல மருத்துவன் அல்லன். டிப்ளமோ படித்து, ரயில்வே சிக்னல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். என் மருமகள் சமூகப்பணி படித்தவள். அவள் மேசையில் இருந்த பயிற்சி ஏடுகளை முதலில் பொழுதுபோக்காகவும் பிறகு அக்கறையோடும் படித்தேன்.

அக்கறை வரக் காரணம் செங்கல்பட்டு. ஆங்கிலேயர் காலத்தில், 1887-லேயே சீர்திருத்தப் பள்ளி கண்ட ஊர் அது. சிறுவர்களுக்கென்று இந்தியாவிலேயே முதலில் தனிச் சட்டம் செய்ததும் நம் சென்னை மாகாணம்தான், 1920-ஆம் ஆண்டில். அப்படிப்பட்ட இடத்தில் 2022 டிசம்பர் 31-ஆம் தேதி பதினேழு வயதுப் பையன் ஒருவன் இறந்து போனான். தாம்பரத்தில் ரயில்வே பேட்டரி திருடினான் என்பது அவன் மீதிருந்த குற்றச்சாட்டு. பிடிபட்டு இரண்டு மூன்று நாட்கள்கூட ஆகவில்லை. அடித்ததால் இறந்தான் என்ற வழக்கில் இல்லத்தின் பணியாளர்கள் ஆறு பேர் கைதானார்கள். பிறகு தமிழக அரசு ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு அவர்களை ஒரு நபர் குழுவாக நியமித்தது. 2023-இல் அவர் அறிக்கை கொடுத்தார்.

பேட்டரி எங்கள் துறைச் சொத்து. அதன் விலையும் எனக்குத் தெரியும். அந்த ஆறு பேரின் வழக்கை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளட்டும். என் மனதைக் குடைந்தது வேறொரு கேள்வி. ஒரு பையன் முரண்டு பிடிக்கும்போது என்ன செய்ய வேண்டும் என்பதைக் காவலாளிக்கு யார் சொல்லிக்கொடுக்கிறார்கள்? எங்கள் பிரிவில் புதிதாக வந்தவரைப் பயிற்சிக்கு அனுப்பாமல் ரிலே அறைச் சாவியைக் கையில் கொடுக்க மாட்டார்கள். பையன் ரிலேயைவிட மலிவானவனா?

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சிறைகளில் அடைபட்டுக் கிடந்த குழந்தைகளுக்காக ஷீலா பர்சே என்ற பத்திரிகையாளர் உச்சநீதிமன்றம் சென்றார். 1986-இல் நாடு முழுமைக்கும் சிறார் நீதிச் சட்டம் வந்தது. 2000-இல் ஒன்று, 2015-இல் மற்றொன்று என்று சட்டம் மாறியது. பதினெட்டு வயது நிரம்பாதவரைப் போலீஸ் லாக்கப்பிலோ சிறையிலோ வைக்கக் கூடாது. 24 மணி நேரத்துக்குள் வாரியத்தின் முன் நிறுத்த வேண்டும். இல்லத்தில் அடிப்பது தண்டனைக்குரிய குற்றம். பணியாளருக்குப் பயிற்சி தர வேண்டும் என்று விதிகளும் சொல்கின்றன.

இனி பயிற்சிக்கு வருவோம். 'டிராமா' என்ற சொல்லை மனக்காயம் என்று வைத்துக்கொள்ளலாம். வீட்டில் தினமும் அடி, குடிகாரத் தகப்பன், கண்ணெதிரே நடந்த கொலை, ரயில் நிலையத்தில் தனியே கழிந்த இரவுகள் போன்றவை பிள்ளையின் உள்ளே தங்கிவிடுகின்றன. இளமையில் இத்தகைய துன்பங்கள் கூடக்கூடப் பிற்காலத்தில் நோயும் போதைப் பழக்கமும் கூடுகின்றன என்று 1998-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது.

இதை எனக்குத் தெரிந்த பாஷையில் சொல்கிறேன். தண்டவாளத்தில் சிறு மின்னோட்டம் ஓடி ஒரு ரிலேயைத் தூக்கிப் பிடித்திருக்கும். இதற்கு ட்ராக் சர்க்யூட் என்று பெயர். வண்டி வந்தால் சக்கரங்கள் வழியே மின்னோட்டம் குறுக்கே போய்விடும், ரிலே விழும், சிக்னல் சிவப்பாகும். ஆனால் மழைக்காலத்தில் ஜல்லியில் சேறும் தண்ணீரும் சேர்ந்துவிட்டால், வண்டியே இல்லாதபோதும் மின்னோட்டம் கசிந்து சிவப்பு விழும். லோனாவாலா மழையில் வேலை பார்த்தவர்களுக்கு இது புரியும். சிக்னல் திமிர் பிடித்து நிற்பதில்லை. ஆபத்து என்றுதான் அதற்குத் தெரிகிறது. கம்பத்தைத் தடியால் அடித்தால் பச்சை வருமா? கசிவு எங்கே என்று தேடிப் போக வேண்டும்.

மனக்காயம் பட்ட பையனும் அப்படித்தான். சாவிக் கொத்தின் சத்தம், உரத்த குரல், பின்னாலிருந்து தோளில் விழும் கை, ஆடையைக் களைந்து சோதிப்பது, இருட்டறையில் தனியே அடைப்பது இவையெல்லாம் அவனுக்குப் பழைய ஆபத்தின் அறிகுறிகள். ஒருவன் பாய்வான், ஒருவன் ஓடுவான், ஒருவன் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் மரமாக நிற்பான். கடைசியில் சொன்னவனுக்குத்தான் 'திமிர்' என்று அதிக அடி விழும் என்பது என் ஊகம்.

பயிற்சியில் கற்பிப்பவை கேட்க எளிமையாக இருக்கும், செய்யத்தான் கடினம். கொதித்து நிற்பவனை மூலையில் மடக்கக் கூடாது. அவன் வெளியேற வழி விட்டுச் சற்றுப் பக்கவாட்டில் நிற்க வேண்டும். குரலைத் தாழ்த்தி, சின்னச் சின்ன வாக்கியமாகப் பேச வேண்டும். மற்ற பையன்கள் சுற்றி நின்று வேடிக்கை பார்க்க விடக் கூடாது. "உன் பையைப் பார்க்கப் போகிறேன், பிறகு சாப்பாடு" என்று நடக்கப் போவதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். "இங்கே உட்காருகிறாயா, வெளியே திண்ணையிலா?" என்று சின்னத் தேர்வை அவனிடம் விட வேண்டும். விசாரணையெல்லாம் அவன் ஆறிய பிறகு. "உனக்கு என்னடா கோளாறு?" என்பதை விட்டுவிட்டு "உனக்கு என்ன நேர்ந்தது?" என்று எண்ணிப் பார்க்கப் பழகுவதே முதல் பாடம்.

இதைச் செல்லம் கொடுப்பதாக எண்ண வேண்டாம். செய்த தவறுக்கு அவன் பதில் சொல்லத்தான் வேண்டும். கல்யாணி நகரில் பிள்ளைகளைப் பறிகொடுத்த பெற்றோரிடம் போய் நான் மனக்காயப் பாடம் நடத்த மாட்டேன். சட்டத்தில் சிக்கும் பையன்கள் எல்லோரும் காயம் பட்டவர்களும் அல்லர். ஆனால் அடி வாங்கி வளர்ந்தவனை மேலும் அடித்தால், கைபலம் உள்ளவன் சொல்வதே சட்டம் என்று அவன் ஏற்கெனவே கற்றது இன்னும் உறுதிப்படும். அவனும் ஒருநாள் வெளியே வந்து நம் தெருவில்தான் நடக்கப் போகிறான்.

அமெரிக்காவில் சிறார் இல்லப் பணியாளருக்காகத் தயாரித்த பாடத்திட்டம் ஒன்றில் நான்கு பகுதிகள். நான்காவது பகுதி முழுக்கப் பணியாளரைப் பற்றியது. என் கவனம் அதில்தான் நின்றது. நாள்தோறும் இந்தக் கதைகளைக் கேட்பவருக்கும் அந்தக் காயம் தொற்றுமாம். தூக்கம் கெடும், எரிச்சல் வரும், கடைசியில் எதுவும் உறைக்காமல் போகும். வண்டியில் ஒருவர் அடிபட்டு இறந்த பிறகு சில ஓட்டுநர்களின் முகத்தை நான் பார்த்திருக்கிறேன். ஓட்டுநருக்கு ஓய்வு விதி உண்டு. இருபது முப்பது பையன்களோடு இரவெல்லாம் விழித்திருக்கும் காவலாளியின் ஓய்வை யார் கணக்கு வைக்கிறார்கள்? ஓய்வில்லாதவரிடம் தடியை எடுக்காதே என்று சொல்லிவிட்டு, மாற்று எதையும் கற்றுக்கொடுக்காவிட்டால் அவர் தடியைத்தான் எடுப்பார். பெங்களூர் நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் 2020-இல் மத்திய அரசின் ஆதரவோடு 'சம்வாத்' என்ற திட்டம் தொடங்கப்பட்டது. அதன் பயிற்சிகள் இந்த வகையைச் சேர்ந்தவை.

நமக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். 2015 சட்டத்தின் 8-ஆம் பிரிவின்படி, விசாரணை நடக்கும் மொழி பிள்ளைக்குப் புரியாவிட்டால் வாரியம் மொழிபெயர்ப்பாளர் ஏற்பாடு செய்ய வேண்டும். ஊரைவிட்டு ஓடிவந்து புனே ஜங்ஷனில் இறங்கும் தமிழ்ப் பையனுக்கு மராத்தியும் தெரியாது, இந்தியும் தெரியாது. அவன் வாய் திறக்காமல் நிற்பது பயத்தாலா பாஷையாலா என்று யாருக்கும் விளங்காது. தனியாகத் தவிக்கும் பிள்ளையைக் கண்டால் 1098 எண்ணுக்குச் சொல்லலாம். இரு மொழியும் அறிந்த நம் ஓய்வுபெற்ற அன்பர்கள் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகை அணுகி, மொழிபெயர்க்க முன்வருவதாகப் பெயர் கொடுக்கலாம். அவன் சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் சொன்னால் போதும். பையனைக் கண்டதும் "உங்கப்பன் பேரைக் கெடுத்துட்டியேடா" என்று தொடங்கும் சுபாவம் உள்ளவர்கள் தயவுசெய்து வேறு தொண்டு பார்க்கவும்.