வாள் வாங்கும்போது கைப்பிடியைப் பாருங்கள்

சிலம்பக்காரர்கள் வாள் வாங்கப் போனால் நீளத்தைப் பார்க்கிறார்கள், பளபளப்பைப் பார்க்கிறார்கள், பிறகு விலையைப் பேசுகிறார்கள். நான் முதலில் பார்ப்பது கைப்பிடியை. அலகு மட்டமாக இருந்தால் பெரும்பாலும் வாள் வளையும், அவ்வளவுதான். கைப்பிடி மட்டமாக இருந்தால் அலகு கழன்று பறக்கும்.

ஆனைக்குட்டத்தில் பிள்ளைகளுக்குச் சிலம்பம் சொல்லித் தருகிறேன். விருதுநகர் பராசக்தி மாரியம்மனுக்குப் பங்குனிப் பொங்கல், சிவகாசி பத்திரகாளியம்மனுக்குச் சித்திரைப் பொங்கல் என்று வரிசையாகத் திருவிழா வரும். கம்போடு வாள், கேடயம், சுருள்வாள், மான்கொம்பு எல்லாம் வேண்டியிருக்கும். 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. இப்போது பெற்றோரே வந்து, "மாஸ்டர், பையனுக்கு ஒரு வாள் வாங்கணும், எது நல்லது?" என்று கேட்கிறார்கள். அவர்களில் பலர் பட்டாசு ஆலையில் கூலிக்குப் போகிறவர்கள். இரண்டாயிரம் ரூபாய் என்பது அவர்களுக்குச் சும்மா கிடைத்த காசு இல்லை. அவர்களை மனத்தில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

பக்கத்து ஊர்த் திருவிழா ஒன்றில் என் கண் முன்னால் நடந்தது இது. வேறு ஊர்க் குழுவின் பையன் வாளைச் சுற்றி நிறுத்திய வேகத்தில் கைப்பிடி மட்டும் கையில் நின்றது. அலகு பந்தல் கால் ஓரமாகப் போய் மண்ணில் விழுந்தது. அங்கே உட்கார்ந்திருந்த பெண்கள் சற்று முன்புதான் எழுந்து போயிருந்தார்கள். அந்தக் கைப்பிடியை வாங்கிப் பார்த்தேன். அலகின் அடியில் பென்சில் பருமன்கூட இல்லாத ஒரு மரையாணிக் கம்பியை ஒட்டவைத்து, அதன் மேல் பிடியை மாட்டி, குமிழை நட்டு போலத் திருகியிருந்தார்கள். வெல்டிங் வைத்த இடத்தில் கம்பி சுத்தமாக முறிந்திருந்தது. கடையில் பார்த்தவன் எவனும் இதைக் கண்டுபிடித்திருக்க முடியாது. மேலே பித்தளை நிறப் பூச்சு, சிவப்பு வெல்வெட்டு, சிங்க முகம் எல்லாம் இருந்தன.

அலகு கைப்பிடிக்குள் போகும் பகுதியைக் காம்பு என்று வைத்துக்கொள்வோம். அந்தக் காம்பு அலகோடு ஒரே இரும்பாக இருக்க வேண்டும். அகலமாகத் தொடங்கி, கைப்பிடியின் கடைசிவரை போய், அங்கே அடித்துப் பரப்பப்பட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் குறுக்கே இரண்டு ஆணியாவது அறைந்திருக்க வேண்டும். அலகு தோளிலிருந்து சட்டென்று ஒடுங்கி மூலை கூர்மையாக வெட்டப்பட்டிருந்தால், அந்த மூலையில்தான் விரிசல் விடும். மூலை வளைவாக இருக்க வேண்டும். கடைக்காரரிடம் பிடியைக் கழற்றிக் காட்டச் சொல்லலாம். கழற்ற முடியாத வாள் என்றால், பிடி மாட்டுவதற்கு முன் எடுத்த படத்தைக் கேட்கலாம். நல்ல பட்டறைக்காரர் சந்தோஷமாகக் காட்டுவார், அவருக்கு அது பெருமை. காட்ட மறுத்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

இணைய வழியில் வாங்கினால் பார்சல் வந்த அன்றே மூன்று காரியம் செய்யுங்கள். வாளைக் காதருகே வைத்து வேகமாகக் குலுக்குங்கள். உள்ளே கடகட என்று சத்தம் வரக்கூடாது. பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு அலகின் நடுவில் உள்ளங்கையால் தட்டுங்கள். அதிர்வு கைக்கு வரலாம், ஆட்டம் வரக்கூடாது. பிறகு கைக்காப்பிலும் குமிழிலும் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டவில்லை என்றால் அது பித்தளையாக இருக்கலாம், அச்சில் வார்த்த துத்தநாகக் கலவையாகவும் இருக்கலாம். மறைவான இடத்தில் லேசாகச் சுரண்டினால் பித்தளை உள்ளேயும் மஞ்சளாக இருக்கும், மற்றது சாம்பல் நிறம் காட்டும். சாம்பல் நிறம் வந்தால் அது சுவரில் மாட்டத்தான். காந்தத்தை அலகில் வைத்துப் பார்த்துத் தரத்தை முடிவு செய்ய வேண்டாம். மட்டமான துருப்பிடிக்காத இரும்பிலும் காந்தம் ஒட்டும்.

எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் தஞ்சை அரண்மனை ஆயுதக் கிடங்கிலிருந்து வந்த பழைய ஆயுதங்கள் இருக்கின்றன. வாள் பிடிக்கிற ஒவ்வொருவரும் ஒரு தடவை போய்ப் பார்க்க வேண்டும். ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். வட்டத் தட்டு போன்ற குமிழுள்ள நம் நாட்டுத் தல்வார் வகை வாள்களில் காம்பு பெரும்பாலும் குட்டையாகத்தான் இருக்கும். இரும்புப் பிடியின் குழிக்குள் அரக்கைக் காய்ச்சி ஊற்றிப் பொருத்துவார்கள். பழைய கொல்லர் கையில் அது போர்க்களம் வரை தாங்கியது. இன்று அதே வடிவத்தில் மலிவாக வருகிறவற்றில் அரக்குக்குப் பதில் ஏதோ ஒரு பசை. அந்த வடிவம்தான் வேண்டும் என்றால், பிடியில் குறுக்கே ஓர் ஆணி அடித்து வாங்கிக்கொள்ளுங்கள். அழகு கொஞ்சம் குறையும், பரவாயில்லை.

இனி அலகு. இங்கே நம் வட்டாரத்து ஆட்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. கம்பி மத்தாப்பில் பூப்பூவாய்த் தெறிப்பது இரும்புத்தூள்தான். அந்தப் பொறி கிளை விட்டு வெடிப்பதற்குக் காரணம் இரும்பிலுள்ள கரி. சாணைக்கல்லில் வாளைத் தொட்டாலும் அதே கணக்குதான். சிவகாசியில் எனக்குத் தெரிந்த ஒரு பட்டறை ஆசாரி, நான் கொண்டுபோன இரண்டு வாள்களின் அடிப்பகுதியையும் சாணையில் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். முதல் வாளின் பொறி நீளநீளமாக, வெறும் கோடாகப் போய் அணைந்தது. இரண்டாவது வாளின் பொறி கொஞ்ச தூரம் போய்க் கொத்துக் கொத்தாக நட்சத்திரம் விட்டது. "அண்ணாச்சி, மொதல்ல உள்ளது பச்சை இரும்பு. பெயிண்டுக்குத்தான் துட்டு வாங்கிருக்கான். ரெண்டாவதுதான் உருக்கு" என்றார். துருப்பிடிக்காத வகை குட்டையாக, செம்மஞ்சள் நிறத்தில், பூ அதிகம் இல்லாமல் போகும். மத்தாப்பு பார்த்து வளர்ந்த கண்ணுக்கு இதைப் படிக்கப் பெரிய பயிற்சி வேண்டாம்.

இந்தச் சோதனையைப் பட்டறையில் மட்டுமே செய்யுங்கள். ஆலைக்குள் இரும்புக் கருவியே கூடாது என்று பித்தளையும் மரமும் வைத்துக்கொண்டு வேலை செய்கிற ஊர் நம்முடையது. மருந்து இருக்கிற இடத்துக்குப் பக்கத்திலோ, ஆலைக்குப் போட்டுப் போன உடையோடோ சாணைக்கல் அருகே நிற்கவே கூடாது. வாள் நல்லதா கெட்டதா என்பதைவிட இது பெரிது.

உருக்கு நல்லதாக இருந்தால் மட்டும் போதாது, தோய்ச்சலும் சரியாக இருக்க வேண்டும். லாரி ஸ்பிரிங் பட்டையில் அடித்த வாள் என்று சொல்லி விற்பார்கள். அது நல்ல உருக்குதான். ஆனால் உலையில் பழுக்கக் காய்ச்சி அடித்துவிட்டு அப்படியே ஆறவிட்டால், அந்த ஸ்பிரிங் குணம் போய்விடும். எண்ணெயில் தோய்த்து, பிறகு மறுபடி இளஞ்சூடு காட்டி, நீல நிறம் ஏறும்வரை பதம் இறக்கியிருக்க வேண்டும். வைக்கோல் நிறத்தோடு நிறுத்தினால் கத்திக்கு நல்லது. நீள வாளுக்கு அது கூடுதல் விறைப்பு. கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: "தோய்ச்சல் போட்டு நீலத்துக்கு இறக்குனீங்களா?" பதில் சொல்கிறவரின் முகத்திலேயே பாதி விஷயம் தெரிந்துவிடும். மீதியை வளைத்துப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். விற்பவர் சம்மதத்தோடு முனையை ஒரு மரப்பலகையில் ஊன்றி, முகத்தைத் திருப்பிக்கொண்டு, அலகு நாலு அங்குலம் விலகும்வரை மெதுவாக அழுத்துங்கள். விட்டதும் நேராக வந்தால் வாள். வளைந்தபடி நின்றால் தகடு. துருப்பிடிக்காத இரும்பில் செய்த நீள வாளுக்கு இந்தச் சோதனையே வேண்டாம். முறிந்து தெறிக்கக்கூடியது அது, சுற்றுவதற்கும் உதவாது.

எடையில் பலர் ஏமாறுகிறார்கள். கனமாக இருந்தால் தரம் என்று நினைப்பு. ஒற்றைக் கையால் வீசும் பழைய வாள்கள், நம் நாட்டுடையதானாலும் ஐரோப்பாவினுடையதானாலும், பெரும்பாலும் ஒரு கிலோவை ஒட்டித்தான் இருக்கும். மலிவு நகல்கள் ஒன்றரை, இரண்டு கிலோவுக்குப் போவதற்குக் காரணம், ஒரே கனத் தகட்டை வெட்டி ஓரம் தீட்டிவிடுவது. அசல் வாளின் முதுகு பிடியருகே கனத்து, முனைக்குப் போகப்போக மெலியும். வாளைக் கண்ணுக்கு நேரே நீட்டி முதுகைப் பார்த்தால் புரிந்துவிடும். விரல்மேல் நிறுத்தினால் பிடியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் சமநிலை வர வேண்டும். அதைத் தாண்டிப் போனால் பையனின் மணிக்கட்டு வாங்கும்.

டமாஸ்கஸ் என்று போட்டு அலைவரி ஓடவிட்டு விற்பார்கள். டமாஸ்கஸ் வாளுக்குப் பேர் வாங்கித் தந்ததே தென்னிந்தியாவிலிருந்து போன உருக்குத்தான். ஈரோடு பக்கம் கொடுமணலில் இரும்பு உருக்கிய தடயங்களைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள். ஆகவே அந்தப் பெயர்மேல் நமக்குப் பற்று இருப்பது நியாயம். ஆனால் மூவாயிரம் ரூபாய் வாளில் உள்ள வரி பெரும்பாலும் அமிலத்தில் அரித்ததோ, லேசரில் கீறியதோதான். அதற்காக ஒரு ரூபாய்கூட அதிகம் தராதீர்கள். உலகத்துக்கே நகல் வாள் செய்து தரும் நிறுவனம் நம் நாட்டில் இருக்கிறது. டேராடூனில் 1943-இல் தொடங்கிய விண்ட்லாஸ் ஸ்டீல்கிராஃப்ட்ஸ். அவர்கள் வாள்களின் அளவு, எடை விவரங்களைப் படித்துவிட்டுப் போனால், உள்ளூரில் பேரம் பேசும்போது எது நியாயம் என்று ஒரு கணக்கு கிடைக்கும்.

சுருள்வாளுக்கு அளவுகோல் வேறு. வட்டமாகச் சுற்றிக் கட்டி ஓர் இரவு வைத்து, காலையில் அவிழ்த்தால் நேராக நிற்க வேண்டும். ஓரத்தில் பிசிறு இருக்கிறதா என்று துணியால் இழுத்துப் பாருங்கள். நூல் மாட்டும் இடத்தில் நாளை விரிசல் வரும். பிடியோடு சேரும் இடத்தில் ஆணித்துளை விளிம்புக்கு மிக அருகில் இருந்தால் வாங்காதீர்கள்.

வாங்கிய பிறகு வெல்வெட்டு உறையிலேயே போட்டு வைத்தால் ஈரம் கோத்துத் துரு பிடிக்கும். தேங்காய் எண்ணெய் நாளடைவில் பிசினாகிவிடும். தையல் மிஷின் எண்ணெய் போதும்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழ் வந்த 2016 விதிகளில் வாள் ஆயுதப் பட்டியலில் இருக்கிறது. வீட்டு வேலைக்கோ விவசாயத்துக்கோ தொழிலுக்கோ அல்லாமல், 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகும் அதில் அடங்கும். ஆகவே கூர் இல்லாமல், ஓரத்தை உருட்டி வாங்குங்கள். ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். ஊர்வலத்தில் வாள் வீச்சு இருந்தால் காவல் நிலையத்தில் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுங்கள். பஸ்ஸில் கொண்டுபோனால் துணியில் சுற்றிக் கட்டிக்கொண்டு, குழுவின் கடிதத்தைக் கையில் வையுங்கள்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு எந்த இரும்பு வாளும் வாங்கித் தராதீர்கள், எவ்வளவு அடம் பிடித்தாலும் சரி. ஊர்த் தச்சரிடம் சொன்னால் பிள்ளையின் கைக்கு அளவெடுத்து மரவாள் செய்து தருவார். கை திருந்தும்வரை அது போதும். மிச்சமாகும் பணத்தைச் சேர்த்து வைத்து, பின்னால் தரமான வாளாக ஒன்று வாங்குங்கள்.