உப்பும் சோடியம் பம்பும்

கேள்வி: பட்டுத்தறி வேலை. காலையில் பழைய சோறும் ஊறுகாயும்தான். ரத்த அழுத்தம் இருப்பதால் உப்பைக் குறைக்கச் சொல்கிறார்கள். உப்புக்கும் ரத்தக்குழாய்க்கும் என்ன தொடர்பு?
– வாசகர், பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரம்

பதில்: செல்களின் உறையில் சோடியம்-பொட்டாசியம் பம்பு என்ற புரதம் பதிந்திருக்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் மூன்று சோடியம் அயனிகளை வெளியே தள்ளி, இரண்டு பொட்டாசியம் அயனிகளை உள்ளே எடுத்துக்கொள்கிறது. டென்மார்க்கின் ஜென்ஸ் ஸ்கோ நண்டின் நரம்பை ஆராய்ந்து 1957இல் இதை விவரித்தார். 1997இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

தமனியின் சுவரில் தசை உண்டு. அங்கே பம்பு தளர்ந்தால் செல்லுக்குள் சோடியம் தேங்கும். சோடியம் உள்ளே பாயும் வேகத்தைக் கொண்டே கால்சியத்தை வெளியேற்றும் இன்னொரு புரதம் அதனால் வலுவிழக்கும். கால்சியம் மிகுந்தால் தசை இறுகும், குழாய் குறுகும், அழுத்தம் ஏறும். சிறுநீரகம் உப்பைச் சரிவரக் கழிக்காதவர்களின் ரத்தத்தில் பம்பைத் தடுக்கும் பொருள் ஒன்று சுரக்கிறது என்று மொர்டெகாய் பிளாஸ்டீன் 1977இல் முன்வைத்தார். அந்தப் பொருள் எது என்பதில் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு.

பம்பு தடைபட்டால் என்ன ஆகும் என்பதற்கு அரளியே சான்று. பூக்கடைகளில் சரமாகத் தொங்கும் அந்தச் செடியின் பாலிலும் இலையிலும், மஞ்சள் அரளியின் விதையிலும் உள்ள நச்சு இதே பம்பைத்தான் பிடித்து நிறுத்துகிறது. இதயத்துடிப்பு தாறுமாறாகி உயிரே போகலாம். 2024இல் கேரளத்தில் திருவிதாங்கூர் தேவஸ்வம் போர்டு நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளியைத் தவிர்க்கச் சொன்னது. அரளியைக் கைவைத்தியமாக உட்கொள்ளவே கூடாது.

சிறுநீரகத்தில் இதே பம்பு வடிகட்டிய சோடியத்தை ரத்தத்துக்கே திருப்புகிறது. ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன் அதை முடுக்கிவிடும். சோடியத்தோடு நீரும் தங்குவதால் ரத்தத்தின் அளவும் கூடுகிறது. வழக்கமான மாத்திரைகள் பம்பைத் தொடுவதில்லை. அம்லோடிபின் தசைக்குள் கால்சியம் நுழைவதைக் குறைக்கிறது. குளோர்தாலிடோன் சோடியத்தைச் சிறுநீரில் கழிக்கிறது.

உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பு, அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு. பழைய சோற்றைக் கைவிட வேண்டியதில்லை. அதில் போடும் கல்லுப்பும் ஊறுகாயும் அப்பளமும்தான் கணக்கைக் கூட்டுகின்றன. சின்ன வெங்காயமும் மோரும் போதும். கீரையிலும் வாழைப்பழத்திலும் உள்ள பொட்டாசியம் பம்புக்குத் துணை செய்யும். ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், டெல்மிசார்டான், ஸ்பைரோனோலாக்டோன் எடுப்பவர்களும் பொட்டாசியம் கலந்த மாற்று உப்பை மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது. அழுத்தம் சரியானதாகத் தெரிந்தாலும் மாத்திரையைத் தாமாக நிறுத்தக்கூடாது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அது வீட்டுக்கே வரும்.