பனியில் நின்ற மன்னர்

கேள்வி: இடைக்காலத்தில் மன்னர்களே போப்பாண்டவர் முன் மண்டியிட்டதாகப் படித்தேன். சொல்லும்படியான படை இல்லாத ஒருவருக்கு அவர்கள் ஏன் அஞ்சினார்கள்? பக்திதான் காரணமா?
- கல்லூரி மாணவி, பாளையங்கோட்டை

பதில்: பக்தியை விடப் பெரிய காரணம் சத்தியம்.

மன்னரையும் சிற்றரசர்களையும் அன்று பிணைத்திருந்தது, புனிதர்களின் எலும்பு வைத்த பேழைமேல் கைவைத்துச் செய்த சத்தியம். அது இனிச் செல்லாது என்று அறிவிக்கும் உரிமை தமக்கு உண்டு என்றார் போப்பாண்டவர். மன்னரின் அடிமடியிலேயே கைவைத்த பேச்சு அது.

1076 பிப்ரவரியில் போப்பாண்டவர் ஏழாம் கிரகோரி, ஜெர்மானிய மன்னர் நான்காம் ஹென்றியைத் திருச்சபையிலிருந்து விலக்கினார். குடிகளையும் சத்தியத்திலிருந்து விடுவித்தார். ஆயர்களை நியமிப்பது யார் என்பதில் மூண்ட சண்டை. ஆயர் என்றால் பூசை வைப்பவர் மட்டுமல்ல. நிலமும் வரியும் போர்வீரரும் அவர் கையில் இருந்தன. ஏற்கெனவே ஹென்றிமேல் கசந்திருந்த சாக்சனிப் பிரபுக்களுக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்தது. ஓராண்டுக்குள் விலக்கம் நீங்காவிட்டால் அவரை மன்னராக ஏற்கமாட்டோம் என்று பிரபுக்கள் கெடு வைத்தார்கள்.

கடுங்குளிரில் மனைவியோடும் சிறு மகனோடும் ஹென்றி ஆல்ப்ஸ் மலையைத் தாண்டினார். 1077 ஜனவரி. வட இத்தாலியில், மட்டில்டா சீமாட்டியின் கனோசா கோட்டை. அரச சின்னங்களைக் களைந்து, முரட்டுக் கம்பளி உடுத்து, வெறுங்காலோடு மூன்று நாள் வாசலில் நின்றார். இதை நமக்குச் சொல்வது கிரகோரியின் கடிதமேதான். உடனிருந்தவர்கள் கண்ணீர்விட்டுப் பரிந்து பேசியதையும், சிலர் தம்மைக் கொடுங்கோலர் என்றே சொன்னதையும் அவர் அதில் மறைக்கவில்லை.

இந்த இடத்தை நிதானமாகப் படியுங்கள். அரசியல்வாதியாக இருந்திருந்தால் கிரகோரி கெடு முடியும்வரை கதவைத் திறந்திருக்க வேண்டியதில்லை. ஆனால் அவர் குரு; மனம் வருந்தி வந்தவரை எப்படித் திருப்பி அனுப்புவது? மன்னித்தார். அந்த மன்னிப்பே ஹென்றியின் கிரீடத்தைக் காப்பாற்றியது என்பது என் கருத்து. போப்பாண்டவரின் பலமும் வரம்பும் ஒரே அதிகாரத்தில்தான் இருந்தன.

1080இல் மறுபடியும் விலக்கினார். இம்முறை பழைய வேகம் இல்லை. 1084இல் ஹென்றி ரோமைப் பிடித்து, தாம் முன்னிறுத்திய எதிர்ப் போப்பாண்டவரின் கையால் பேரரசராக முடிசூடினார். ரோமைவிட்டு வெளியேறிய கிரகோரி, மறு ஆண்டு சலேர்னோ நகரில் இறந்தார். அங்குள்ள பேராலயத்தில்தான் அவருடைய கல்லறை இருக்கிறது.