குளத்துச் சேறும் மட்டியும்: உலோகச் சோதனை செய்வது எப்படி?

மைசூரில் கழிமுகம் கிடையாது. காவிரி கடலைத் தொடுவது பூம்புகாரில்தான். ஆனாலும் ஈயமும் காட்மியமும் கழிமுகத்தில் காட்டும் வேலையை இங்குள்ள ஏரிகளிலும் காட்டுகின்றன. கழிவுநீரில் நுண்மண்ணோடு ஒட்டி வந்து, ஓட்டம் அடங்கிய இடத்தில் படிந்து, அங்கே வாழும் மட்டியின் உடம்பில் ஏறிவிடுகின்றன. எண்ணூர்க் கழிமுகத்து மட்டிக்குச் செய்கிற சோதனையை, நகரத்துச் சாக்கடை வந்து சேரும் தளவாய் ஏரியிலும் செய்யலாம். கல்லூரி மாணவர்களுக்கும் ஏரிக் காவலர் குழுக்களுக்கும் இது கைக்கெட்டிய வேலைதான்.

முதலில் அனுமதி வாங்குங்கள். குக்கரஹள்ளி ஏரிக்கு மைசூர்ப் பல்கலைக்கழகம், காரஞ்சிக்கு உயிரியல் பூங்கா நிர்வாகம், லிங்காம்புதிக்கு வனத்துறை.

கரண்டி, மண்வெட்டி, இரும்பு வாளி எதுவும் வேண்டாம். உலோகத்தைத் தேடப்போகிறவர் உலோகத்தைக் கொண்டுபோகக் கூடாது. பிளாஸ்டிக் டப்பாக்களைப் பத்து சதவீத நைட்ரிக் அமிலத்தில் ஒரு இரவு ஊறவைத்து, காய்ச்சி வடித்த நீரில் அலசுங்கள். இதைக் கல்லூரி ஆய்வகத்தில், கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு செய்ய வேண்டும்.

சேறு எடுக்க ஒரு பி.வி.சி. குழாய் போதும். கால்வாய் விழும் வாயில் ஓரிடம், ஏரி நடுவில் ஓரிடம், கால்வாய்க்கு எட்டாத கரையில் ஓரிடம். குழாயை நேராக அழுத்தி, மேல்வாயை மூடிக்கொண்டு தூக்குங்கள். மேலே பழுப்பாக ஒரு மெல்லிய படலம் இருக்கும். அதற்குக் கீழே அழுகிய முட்டை நாற்றமடிக்கும் கறுப்புச் சேறு. அந்தக் கறுப்பு சல்ஃபைடால் வருவது. அது உலோகங்களைப் பிடித்து வைத்திருக்கிறது. காற்றுப் பட்டால் பிடி தளரும். எனவே மாதிரியைக் கிளறாமல், டப்பா நிறைய அடைத்து, ஐஸ் பெட்டியில் வையுங்கள். மேல் 5 செ.மீ. அண்மைக்கால வரவைச் சொல்லும். ஆய்வகத்தில் அதை 63 மைக்ரான் நைலான் சல்லடையில் சலிக்கச் சொல்லுங்கள். மணலில் உலோகம் அதிகம் ஒட்டாது, நுண்களியில் ஒட்டும். சலிக்காவிட்டால் மணற்பாங்கான இடம் பொய்யாகச் சுத்தமாகத் தெரியும்.

மைசூரில் பலரும் தவறவிடுவது அடுத்த படி. நகரத்தைச் சுற்றியுள்ள பாறைகளிலேயே குரோமியமும் நிக்கலும் உண்டு. தொட்டகன்யாவில் மக்னசைட், சிந்துவள்ளிப் பக்கம் குரோமைட் என்று பூமியே அப்படி. ஆகவே சேற்றில் குரோமியம் கூடியிருந்தால் உடனே ஆலையைக் கைகாட்டிவிட முடியாது. குழாயை இன்னும் ஆழமாக இறக்கி, ஏரி வெட்டுவதற்கு முந்தைய மண்வரை எட்டினால் அதையும் தனி மாதிரியாக எடுங்கள்; குக்கரஹள்ளி ஏரி 1864-இல் வந்தது, அதன் அடிமண் அதற்கும் மூத்தது. மேல்சேற்றையும் அடிமண்ணையும் அலுமினியத்தோடு விகிதப்படுத்தி ஒப்பிட்டால்தான் மனிதன் சேர்த்தது எவ்வளவு என்று தெரியும். இந்த அடிமண் மாதிரி இல்லாத அறிக்கையை நான் நம்பமாட்டேன்.

இனி மட்டி. நம் ஏரிகளிலும் காவிரியிலும் கிடைப்பது லாமெல்லிடென்ஸ் மார்ஜினாலிஸ். ஒரே நீளமுள்ளவையாகப் பதினைந்து பொறுக்குங்கள்; பெரியதும் சிறியதும் கலந்தால் கணக்கு குழம்பும். குளோரின் இல்லாத நல்ல தண்ணீரில் ஒரு நாள் விட்டு, இடையில் தண்ணீரை மாற்றுங்கள். குடலில் கிடக்கும் சேறு வெளியேறாவிட்டால், சேற்றையே மட்டி என்று அளந்துவிடுவோம். பிறகு செராமிக் கத்தியால் திறந்து, சதையை மட்டும் உறையவையுங்கள். சாக்கடை மிகுந்த ஏரியில் மட்டியே இல்லாமல் போகலாம். அப்போது நத்தையை எடுத்தால் அதில் செம்பு கூடுதலாக வந்தாலும் திடுக்கிட வேண்டாம். அதன் இரத்தமே செம்பை வைத்து ஓடுவது. நன்னீர் மட்டியின் செவுளில் மாங்கனீசு குவிவதும் இயல்பு.

ஆய்வகம் என்.ஏ.பி.எல். அங்கீகாரம் பெற்றதாக இருக்கட்டும். வெற்று மாதிரியும், அளவு தெரிந்த சான்று மாதிரியும் சேர்த்து ஓட்டினார்களா என்று கட்டாயம் கேளுங்கள். தயங்கினால் வேறு ஆய்வகம் பாருங்கள்.

எண்களைப் படிக்கும்போது சேற்றுக்கு ஒரு துலாக்கோல் உண்டு: 2000-இல் மெக்டொனால்டும் சக ஆய்வாளர்களும் வட அமெரிக்க நன்னீர் வண்டலுக்கு வகுத்தது. உலர் எடையில் கிலோவுக்கு ஈயம் 128 மி.கி., காட்மியம் 4.98, குரோமியம் 111. இவற்றைத் தாண்டினால் அடித்தரை உயிர்களுக்குத் தீங்கு வரும் வாய்ப்பு அதிகம். குரோமியத்துக்கு மட்டும், முன்பு சொன்ன பாறையை மறக்காதீர்கள்.

மட்டிக்கு வரும் குழப்பம் வேறு. ஆய்வகம் பெரும்பாலும் உலர் எடையில் தரும். உணவு வரம்புகள் ஈர எடையில் இருக்கும். சதையில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர் என்றால், உலர் எடையில் கிலோவுக்கு 6 மி.கி. காட்மியம் ஈர எடையில் 1.2 தான். கடல் மட்டிக்குச் சர்வதேச உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ் வைத்த காட்மிய வரம்பு 2. நன்னீர் மட்டியைச் சாப்பிடுபவர்களுக்கு இது ஒரு வழிகாட்டி மட்டுமே. வரம்பைத் தாண்டிய மட்டியை வேகவைத்தாலும் வறுத்தாலும் காட்மியம் போகாது. நீர் வற்றுவதால் ஒரு கவளத்தில் சற்றுக் கூடவே சேரும். அந்த ஏரியில் மட்டி பொறுக்குபவர்களிடம் முடிவை அவர்கள் மொழியில், கன்னடத்தில், நேரில் போய்ச் சொல்லுங்கள்.