போட்டோ மன்றத்துப் பிள்ளை வீட்டில் இருந்தால்… 12 குறிப்புகள்

என் பெண் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். போன ஜூனில் அவள் பள்ளியில் போட்டோ மன்றம் ஆரம்பித்தார்கள். பெரிய ஏற்பாடெல்லாம் இல்லை. ஓவிய ஆசிரியரின் பழைய கேமரா ஒன்று, வாரம் ஒரு மணி நேரம், இருபது பிள்ளைகள், அவ்வளவுதான். முதல் நாள் வந்தவள் தோளில் இருந்த பையைக்கூட இறக்காமல், "அம்மா, கேமரா எவ்வளவு இருக்கும்?" என்றாள். அவள் அப்பா தினமும் மணவூரில் மின்சார ரயிலைப் பிடித்துச் சென்னைக்கு வேலைக்குப் போகிறவர். விலையைச் சொன்னால் அன்றைக்கு வண்டியை விட்டுவிடுவார். அதனால் வீட்டில் இருப்பதை வைத்தே சமாளித்தோம். ஒரு வருடம் சமாளித்ததில் கற்றுக்கொண்டவை இவை.

1. முதல் வருடம் கேமரா வாங்காதீர்கள். பழைய செல்போன் போதும். ஆனால் படம் எடுக்கும் முன் லென்ஸைத் துடைக்க வேண்டும். விளக்கைச் சுற்றிப் பனி மூட்டம்போலத் தெரிகிறதென்றால் போனில் கோளாறு இருக்காது. தலைக்குத் தேங்காய் எண்ணெய் தடவிய கையோடு யாரோ தொட்டிருப்பார்கள். முந்தானையால் துடைப்பதை நிறுத்துங்கள், ஜரிகை கீறிவிடும். கண்ணாடிக்கடையில் தரும் துணியோ, பலமுறை துவைத்து நைந்த பருத்தி வேட்டித் துண்டோ சரியாக இருக்கும்.

2. வீட்டிலேயே நல்ல வெளிச்சம் எங்கே என்று பிள்ளையைத் தேடச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் அது வடக்குப் பக்க ஜன்னல். அந்தப் பக்கம் நேர் வெயில் அநேகமாக விழாது. வெளிச்சம் மட்டும் பால்போலப் பரவும். டியூப்லைட்டை அணைத்துவிடுங்கள், இரண்டு வெளிச்சமும் கலந்தால் முகம் ஒரு பக்கம் நீலம், ஒரு பக்கம் மஞ்சள் என்று ஆகிவிடும். ஜன்னலுக்குப் பக்கவாட்டில் ஆளை உட்கார வைத்து, இருட்டாக இருக்கும் கன்னத்துப் பக்கம் வெள்ளை சார்ட் அட்டையைப் பிடித்தால் ஸ்டூடியோவே வேண்டாம். என் மாமியார் அங்கே உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தபோது என் பெண் ஒரு படம் எடுத்தாள். விரல் கணுக்களின் சுருக்கம், நகத்தில் ஒட்டியிருந்த செம்மண், முறத்தின் ஓரத்தில் குவிந்த தோல் எல்லாம் தனித்தனியாகத் தெரிந்தன. முகம் படத்திலேயே இல்லை. ஆனாலும் பார்த்த எல்லோரும், "உங்க மாமியார் கைதானே?" என்று கேட்டார்கள்.

3. நினைத்த நேரமெல்லாம் நூறு படம் எடுப்பதற்குக் கடிவாளம் போடுங்கள். என் கல்யாணக் காலத்தில் ஒரு பிலிம் ரோலில் 36 படம்தான். ஊட்டியில் 1960இல் தொடங்கப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலையின் 'இந்து' பிலிமைப் பற்றி அந்தக் காலத்து ஸ்டூடியோக்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள். எங்கள் வீட்டில் வாரத்துக்கு 36. பதின்மூன்றாவது படத்தை எடுக்கும்போதே பிள்ளைக்குக் கணக்கு உறைக்க ஆரம்பிக்கும். எடுப்பதற்கு முன்னால் பார்க்கத் தொடங்கும்.

4. டிரைபாட் இல்லையா? பழைய தலையணை உறையின் மூலையை வெட்டிப் பைபோலத் தைத்து, ஒரு கிலோ துவரம்பருப்பை அதில் கொட்டி முடிச்சுப் போடுங்கள். அதன்மேல் போனை அழுத்தி வைத்து, மூன்று விநாடி டைமர் வைத்தால் அந்தி நேரத்திலும் ஆடாது. வேலை முடிந்ததும் பருப்பைச் சாம்பாருக்கு எடுத்துக்கொள்ளலாம். (நான் எடுத்துக்கொண்டேன். வீட்டில் யாருக்கும் தெரியாது.)

5. எதைப் படம் எடுப்பது என்று பிள்ளை விழித்தால் வீட்டையே எடுக்கச் சொல்லுங்கள். குடம், மிதியடி, அப்பாவின் டிபன் கேரியர். இது சும்மா சொல்வதல்ல. வாடிப்பட்டிக்காரரான போட்டோ கலைஞர் ஜெய்சிங் நாகேஸ்வரன், கொரோனா ஊரடங்கில் ஊர் திரும்பித் தன் குடும்பத்தையும் வீட்டையும் எடுத்த படங்கள் வெளிநாடுகள் வரை பேசப்பட்டன. மதுரையில் மீன் விற்கும் அம்மாவின் மகனாக வளர்ந்த எம். பழனி குமார் முதலில் படமெடுத்தவர்களில் அந்த அம்மாவும் உண்டு. தூய்மைப் பணியாளர்களின் வாழ்க்கையை வருடக்கணக்காகப் பதிவு செய்துவரும் அவர், உழைக்கும் குடும்பத்துப் பிள்ளைகளின் கையிலும் கேமராவைக் கொடுத்துப் பயிற்சி தருகிறார். பிள்ளைகளிடம் அவர் எடுக்கச் சொல்வது அவரவர் தெருவையும் வீட்டையும்தான். "நம்ம வீட்ல என்ன இருக்கு எடுக்கறதுக்கு?" என்று என் பெண் கேட்டபோது இவர்கள் படங்களைப் போனில் காட்டினேன். மறுநாள் காலையில் அடுப்படியில் எனக்கு வேலை செய்ய இடமில்லை.

6. நீளமானதைத் துண்டு துண்டாக எடுத்து ஒட்டுங்கள். லினேயஸ் டிரைப் என்ற ஆங்கிலேயப் படை அதிகாரி 1858இல் தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து, ஏறக்குறைய 19 அடி நீளத்துக்கு ஒரே சுருளாக ஒட்டினார். மன்றத்துப் பிள்ளைகள் பள்ளிச் சுற்றுச்சுவரை அப்படி எடுத்தார்கள். ஒரே தூரத்தில் நின்று பக்கவாட்டில் நகர வேண்டும். ஒவ்வொரு படத்திலும் முந்தைய படத்தின் கால் பாகம் வர வேண்டும். ஒரு பையன் நடுவில் இரண்டடி முன்னால் வந்துவிட்டான். அந்த இடத்தில் சுவர் கர்ப்பமானதுபோல வீங்கியிருக்கிறது.

7. ஆளைப் படமெடுக்கும் முன் கேட்க வேண்டும். இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். எங்கள் பக்கத்து வீட்டு அவ்வா வாசலில் பூ கட்டிக்கொண்டிருந்தார். என் பெண் தூணுக்குப் பின்னாலிருந்து ஒரு படம் எடுத்துவிட்டாள். 'க்ளிக்' சத்தம் கேட்டு நிமிர்ந்தவர் திட்டவில்லை. "ஏம்மா, கேட்டிருந்தா வேற பொடவை கட்டியிருப்பேனே" என்றார். அன்றைக்கே அந்தப் படத்தை அவர் கண் முன்னால் அழித்தோம். அடுத்த வெள்ளிக்கிழமை அவராகவே அரக்குப் புடவையில் வந்து, "இப்ப எடு" என்று உட்கார்ந்தார். சின்னப் பிள்ளைகளை எடுப்பதாக இருந்தால் பெற்றவர்களைக் கேட்க வேண்டும். எடுத்ததை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுவதற்குத் தனியாக இன்னொரு தடவை கேட்க வேண்டும்.

8. கோயிலுக்குள் போன் வேண்டாம். தமிழகக் கோயில்களுக்குள் செல்போனைத் தடை செய்யச் சொல்லி 2022 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டிருக்கிறது. திருத்தணிக்குப் போனால் படமெடுப்பதற்கு வெளியிலேயே நிறைய உண்டு. ஆடிக் கிருத்திகைக்குப் புஷ்பக் காவடி வரும் தெரு, பூக்கடை, காவடிக்காரர்கள் காலை நீட்டி உட்காரும் நிழல். 365 படிக்கும் பூஜை நடக்கும் டிசம்பர் 31 கூட்டத்தில் பிள்ளை கையில் போனைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். மற்ற நாட்களில் போன் உறையில் கயிறு கட்டிக் கழுத்தில் மாட்டிவிடுங்கள்.

9. தண்டவாளம் பக்கம் போகவே கூடாது. மணவூர்ப் பிள்ளைகளுக்கு இது முக்கியம், ரயில் நம் வாசலிலேயே ஓடுகிறது. தண்டவாளத்தில் அத்துமீறி நுழைந்தால் 1989 ரயில்வே சட்டம் 147ஆவது பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஓடுவதைப் படமெடுக்கப் பழக வேண்டுமா? தெருவில் போகும் சைக்கிளை எடுக்கட்டும். சைக்கிளோடு சேர்ந்து போனையும் திருப்பிக்கொண்டே அழுத்தினால் ஆள் தெளிவாகவும் பின்னால் இருப்பது கோடு கோடாகவும் வரும். பத்துக்கு ஒன்றுதான் சரியாக வரும்.

10. சட்டம் போட்ட பழைய குடும்பப் போட்டோவைப் பிரதி எடுக்கும்போது, படம் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்தால் உரிக்காதீர்கள். தாத்தாவின் பாதி முகம் கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடியோடேயே எடுக்கலாம். சட்டத்தை ஜன்னலுக்குப் பக்கவாட்டில் நிறுத்தி, பிளாஷை அணைத்து, எடுப்பவர் கறுப்புச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள். போனைப் பிடிக்கும் கைக்கும் கறுப்புத் துணி. கண்ணாடியில் பிரதிபலிக்க வெளுப்பாக எதுவும் இருக்காது. எடுத்த கையோடு, படத்தில் இருப்பவர்கள் யார் யார் என்று பெரியவர்களைக் கேட்டு நோட்டில் எழுதிவைக்கட்டும். எங்கள் பக்கம் பாதிக் குடும்பங்களில் அத்தைக்குத் தமிழில் ஒரு பெயர், தெலுங்கில் ஒரு செல்லப்பெயர். இரண்டையும் எழுதுங்கள்.

11. மழைக்காலத்தில் கேமராவையும் லென்ஸையும் பீரோவில் பூட்டி வைத்தால் பூஞ்சை வலை பின்னும். மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பாவில், ஷூ டப்பாவிலும் மாத்திரை டப்பாவிலும் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைச் சேர்த்துப் போட்டு வையுங்கள். அரிசி டப்பா வேண்டாம், மாவுத்தூசி உள்ளே போகும்.

12. இனி மஞ்சள் படம். மன்றத்தில் பிள்ளைகள் ஆவென்று வாய் பிளந்தது இதற்குத்தான். நமக்கோ இதில் பாதி ஏற்கெனவே தெரியும். மஞ்சள் கறை பட்ட துணியை வெயிலில் போட்டால் கறை வெளுக்கும். அதே கறையில் சோப்பு பட்டால் சிவக்கும். ஆரத்தி கரைக்கும்போது மஞ்சளில் சுண்ணாம்பு சேர்ந்தால் சிவப்பாவதும் இதே மாதிரிதான். ஜான் ஹெர்ஷல் என்ற விஞ்ஞானி பூச்சாறுகளைத் தாளில் தடவி வெயிலில் வைத்து 1842இல் எழுதி வெளியிட்ட சோதனைகளும் இந்த வகைதான்.

ஒரு தேக்கரண்டி மஞ்சள்தூளை நாலு மேசைக்கரண்டி சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் போட்டுக் குலுக்கிப் பத்து நிமிடம் தெளிய விடுங்கள். ஸ்பிரிட் தீப்பிடிக்கும், அடுப்படியில் செய்யாதீர்கள்; பெரியவர் ஒருவர் கூட இருக்க வேண்டும். தெளிந்ததைத் துணியில் வடிகட்டி, வெயில் வராத அறையில், கெட்டியான டிராயிங் தாளில் பிரஷால் ஒரே திசையில் தடவிக் காயவிடுங்கள். அதன்மேல் முருங்கை இணுக்கையோ வேப்பிலையையோ பரப்பி, பழைய போட்டோ சட்டத்தின் கண்ணாடியால் மூடிக் கிளிப் போட்டு, உச்சி வெயிலில் இரண்டு மணி நேரம் மாடியில் வையுங்கள். இலை மூடாத இடம் வெளுத்துவிடும். பிறகு கண்ணாடியையும் இலையையும் எடுத்துவிட்டு, ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு கரண்டி சமையல் சோடா கரைத்து மேலே தெளியுங்கள். இலை இருந்த இடம் மட்டும் கண்ணெதிரே செங்காவியாக எழும்பும், ஒவ்வொரு சிற்றிலையும் தனித்தனியாக.

சுவரில் மாட்டாதீர்கள். வெளிச்சம் பட்டால் இதுவும் வெளுக்கும். தடித்த நோட்டுக்குள் வைத்து, விருந்தாளி வரும்போது மட்டும் திறந்து காட்டுங்கள். அவ்வாவுக்கு என் பெண் ஒரு துளசிப் படம் செய்து கொடுத்தாள். அதை அவர் ரேஷன் கார்டு உறைக்குள் வைத்திருக்கிறார்.